நாசா மெத்தையும் மதுரை மே மாசமும்

பதினெட்டாயிரம் ரூபாய்ங்க! முதுகுவலிக்கு நல்லதுன்னு நம்பி வாங்கின மெமரி ஃபோம் மெத்தை, அதாவது அமுங்கின உடம்போட வடிவத்தைக் கொஞ்ச நேரம் "ஞாபகம்" வெச்சிருக்கிற ஃபோம். ராத்திரி ரெண்டு மணிக்கு தோசைக்கல்லுல கிடக்கிற மாதிரி முழிப்பு வருது. புரண்டு படுக்கலாம்னா, புதைஞ்ச பள்ளத்துலேர்ந்து முதல்ல ஏறி வரணும்.

"நாசா தொழில்நுட்பம்"னு விளம்பரம். பொய் இல்ல. 1966-ல நாசாவோட ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் உருவாக்கினதுதான். எதுக்கு? விமான சீட்டுக்கு! மோதினா அடி தாங்கணும்னு. மொட்டை மாடிக்கு நேர் கீழ் வீட்டுல, கரண்ட் போன ராத்திரியில படுக்கவா செஞ்சாங்க? உடம்புச் சூடு பட்டாத்தான் அது இளகும். வாங்கின சூட்டை லேசுல விடவும் விடாது. முதுகு அமுங்கின இடத்துல காத்து போக வழியே கிடையாது. கூலிங் ஜெல்னு நீலமா ஒண்ணு பூசியிருக்கான். பத்து நிமிஷம் ஜில்லுங்குது, அப்புறம் அதுவும் சேர்ந்து கொதிக்குது. ஏசி ரூம்ல படுக்கிறவங்களுக்கு சுகமாத்தான் இருக்கும், ஒத்துக்கறேன்.

சந்தேகப்பட்டு கவர் ஜிப்பைத் திறந்தேன். ஆறு இஞ்ச் மெத்தையில மெமரி ஃபோம் மேலாக ஒரே ஒரு இஞ்ச். மிச்சமெல்லாம் சாதா ஃபோம். தரம் தெரிஞ்சுக்கலாம்னு கஸ்டமர் கேர்ல கூப்பிட்டு, "ஃபோம் அடர்த்தி கன மீட்டருக்கு எத்தனை கிலோம்மா?"ன்னு கேட்டா, "சார், இது ஆர்த்தோ சார்"ங்குது அந்தப் பொண்ணு. ஆர்த்தோன்னா எலும்பு, முதுகுக்கு நல்லதுன்னு அவங்க ஒட்டுற பேரு. மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் ஆர்த்தோதான்.

எங்கம்மா வீட்டு இலவம்பஞ்சு மெத்தையை மாசம் ஒருநாள் மாடி வெயில்ல போட்டு கம்பால நாலு சாத்து சாத்துவோம். பஞ்சு கட்டிதட்டினா பிரிச்சு அடிச்சு மறுபடி தைச்சுக் குடுக்க தெருவுக்கே ஆள் வரும். இந்த மகாராஜாவை வெயில்ல போடக் கூடாதாம், மஞ்சளாகிப் பொடிஞ்சிருமாம். நனைக்கவும் கூடாது. சின்னவன் கொட்டின அரை டம்ளர் பாலை அப்படியே குடிச்சுட்டு பதினஞ்சு நாளா நாறுது. அதை மட்டும் நல்லா ஞாபகம் வெச்சிருக்கு!

நூறு நாள் ட்ரையல்னாங்களே, திருப்பிக் குடுத்துரலாம்னு பார்த்தா, "வந்த பேக்கிங்லயே குடுங்க சார்"ங்கிறான். காத்தை உறிஞ்சி, சுருட்டி, கைக்கு அடக்கமா ஒரு பெட்டியில வந்த சாமான். பிரிச்சதும் பூதம் மாதிரி உப்பி கட்டிலை ரொப்பிருச்சு. அதை நானும் என் வீட்டுக்காரியும் மேல உக்காந்து அமுக்கி பெட்டிக்குள்ள திணிக்கணுமாம்!

இப்ப ரெண்டு பேரும் தரையில கோரைப்பாய்லதான் தூங்குறோம். மெத்தை மேல மடிக்காத துணி மலையா கிடக்கு. இஎம்ஐ இன்னும் ஏழு மாசம்.