தலாத்துஓயா பஸ்ஸில் வந்த ஒரு பெயர்

மகளுக்குப் பாடசாலையில் ஒப்படை ஒன்று கொடுத்திருந்தார்கள். கண்டியிலும் அதைச் சுற்றியும் வாழ்ந்த பெரியோர் பற்றி எழுத வேண்டும். முதல் வரியில் முரளிதரன் என்று எழுதிவிட்டு, "அப்பா, வேற யாரு?" என்று கேட்டாள்.

முரளியை எழுதியது சரி. குண்டசாலையில் அப்பாவின் பிஸ்கட் தொழிற்சாலை, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி, 2010இல் காலி மைதானத்தில் 800ஆவது விக்கெட். இதையெல்லாம் நாம் சொல்லாவிட்டாலும் உலகம் சொல்லும்.

நான் சொன்ன இரண்டாவது பெயர் எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளருமான கே. கணேஷ். அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை; நாம் சொல்லித் தந்தால்தானே தெரியும்? அம்பிட்டியைத் தாண்டி அங்குராங்கெத்த பஸ் போகிற பாதையில் இருக்கும் தலாத்துஓயாக்காரர் அவர். 1920இல் பிறந்தவர். 1946இல் கே. ராமநாதனோடு சேர்ந்து 'பாரதி' என்ற சஞ்சிகையை நடத்தினார். முல்க் ராஜ் ஆனந்தின் நாவலைத் 'தீண்டாதான்' என்று தமிழில் தந்தார். சீன எழுத்தாளர் லூ சுன் கதைகளையும் வியட்நாம் தலைவர் ஹோ சி மின் சிறையில் எழுதிய கவிதைகளையும் மொழிபெயர்த்தார். சீனமும் வியட்நாமும் தமிழுக்கு வந்த பாதையில் எங்கள் மலையோர ஊர் ஒன்றும் இருக்கிறது என்பது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! 2004இல் காலமானார்.

கண்டியிலே பிறந்த சித்திலெப்பையையும் சேர்க்கச் சொன்னேன். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை, 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்'. இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் பலரும் சொல்வது அதைத்தான். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று, 1883இல் இங்கே நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷாவும் கண்டியில் வாழ்ந்தார். அந்த வீடு இன்று அவர் பெயரில் பண்பாட்டு நிலையமாக இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

கணேஷுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்பதுதான் என் ஆசை. பெரிய கட்டடம் வேண்டாம். பஸ் தரிப்பிடத்தில் பெயரும் ஆண்டும் எழுதிய ஒரு பலகை, ஊர் வாசிகசாலையில் அவருடைய நூல்களுக்கு ஓர் அலுமாரி, அவ்வளவு போதும். விளையாட்டு வீரரின் கணக்கை உலகமே வைத்திருக்கும். தமிழில் எழுதியவரின் கணக்கை நாம்தானே வைக்க வேண்டும்?

வருகிற ஞாயிறு மகளோடு தலாத்துஓயா போகிறேன். அவரை நேரில் பார்த்துப் பழகிய பெரியவர்கள் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் கீழே சொல்லுங்கள். மகள் கொப்பியும் பேனாவும் எடுத்து வைத்துவிட்டாள்.