ஆண் பூனை வச்சிருக்கவங்க கவனிங்க
பூனைக்கு மூத்திரம் அடைக்காம இருக்க தண்ணி கிண்ணம் ரெண்டு மூணு வச்சா போதும்னு ஒரு கட்டுரையில போட்டிருக்காங்க, எங்க கடுவனுக்கு அது மட்டும் போதல. ரெண்டு வருஷத்துல மூணு தடவ மூத்திரம் அடைச்சிருச்சு, லிட்டர் பாக்ஸ்ல குந்திக்கிட்டே கத்துவான், ரெண்டு சொட்டு வரும் அதுவும் ரத்தமா, பாக்கவே முடியாது. டெஸ்ட்ல ஸ்ட்ரூவைட் கிரிஸ்டல்னாங்க, அதாவது மூத்திரத்துல சேர்ற ஒரு வகை உப்புப் படிகம். ட்ரை ஃபுட்ல ஈரம் 10% கிட்டதான், வெட் ஃபுட்ல 75%க்கு மேல, அதனால டாக்டர் எழுதிக் குடுத்த யூரினரி வெட் ஃபுட்டுக்கு பத்து நாள்ல மெதுவா மாத்தி அதுலயும் ரெண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணி கலந்து வைக்கிறோம், இப்ப மணல்ல மூத்திரக் கட்டி பெருசு பெருசா இருக்கு, அள்ளும்போதே அவ்ளோ நிம்மதி. ஆனா ஆக்சலேட்னு இன்னொரு வகை கல்லு இருக்கு, அதுன்னா சாப்பாட்டுல கரையாது, டெஸ்ட் பண்ணாம நீங்களா மாத்தாதீங்க. ஒண்ணுக்கே வரலன்னா காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே தூக்கிட்டு ஓடுங்க, ஒண்ணு ரெண்டு நாள்ல உயிரே போயிடும்.