விடுமுறையில் சம்பளம், கூடவே வார்ட் அனுபவம்

அமெரிக்காவில் தாதியியல் மாணவர்களைக் கோடை விடுமுறையில் சம்பளத்துக்கு எடுத்துப் பயிற்சி கொடுப்பதைப் பற்றிய ஒரு கட்டுரையை வாசித்தேன், என் மகளுக்கும் அனுப்பினேன். அவள் கண்டியில் கட்டணம் செலுத்தித் தாதியியல் படிக்கிறாள்.

அங்கே பெரும்பாலும் இறுதி ஆண்டுக்கு முந்தின விடுமுறையில், எட்டுப் பத்து வாரம், ஒரு வைத்தியசாலையில் பதிவுபெற்ற தாதி ஒருவரின் பக்கத்திலேயே நின்று வேலை பழகுகிறார்கள். மணிக்கணக்கில் சம்பளம். பிறகு அதே வைத்தியசாலை அவர்களில் பலரை வேலைக்கும் எடுத்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் லாபம்தானே?

நம் நாட்டில் அரச தாதியர் கல்லூரி மாணவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டு, அது பெரிய உதவி. தனியார் கல்லூரிக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகளின் நிலைமை வேறு. கொழுந்து பறிக்கும் அம்மாவின் சம்பளத்தில் கட்டணம், அறை வாடகை, பஸ் காசு எல்லாம் போக வேண்டும். விடுமுறைக்கு வந்தால் கடையில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் வார்டில் நின்றால் எவ்வளவு கற்றுக்கொள்வார்கள்!

டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளுக்கு வரும் தோட்டத்து முதியவர்களில் பலருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பிரஷர் பார்ப்பது, சீனி வருத்தக்காரருக்கு மாத்திரை எப்போது, எப்படி எடுப்பது என்று பொறுமையாகச் சொல்வது, இவற்றுக்கு இந்தப் பிள்ளைகளே பொருத்தம். ஆனால் ஒன்று, மேற்பார்வைக்கு மூத்த தாதி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க மாணவர்களைத் தனியாக விடவே கூடாது. அதை முதலில் எழுத்தில் உறுதி செய்துவிட்டு, சுகாதார அமைச்சு ஒரு வைத்தியசாலையிலாவது இப்படியொரு விடுமுறைப் பயிற்சியைத் தொடங்கட்டும்.