எல்லா கிரெடிட்டும் மாறாது
அமெரிக்க சமுதாயக் கல்லூரியில் (இரண்டு வருடப் படிப்புகள் தரும் உள்ளூர்க் கல்லூரி) எதைப் படித்தாலும் இரண்டு வருடத்தில் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடலாம் என்கிறது ஒரு கட்டுரை. அவ்வளவு சுலபமில்லை. அங்கே தரும் இரண்டு வருட அசோசியேட் பட்டத்துக்குப் பொதுவாக 60 கிரெடிட், அதாவது பாடங்களுக்குத் தரும் மதிப்பு அலகு, வேண்டும். சரி, ஆனால் அதிலேயே வகை உண்டு. ஏ.ஏ. (கலை), ஏ.எஸ். (அறிவியல்) இரண்டும் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போக நினைப்பவர்களுக்கு; ஏ.ஏ.எஸ். (பயன்பாட்டு அறிவியல்) நேராக வேலைக்கு. வெல்டிங் போன்ற தொழிற்பாடத்தின் கிரெடிட்டைப் பல பல்கலைக்கழகங்கள் கணக்கில் எடுப்பதில்லை. என் அக்கா மகன் தொழில்நுட்பக் கணிதத்தில் ‘ஏ’ வாங்கியிருந்தான். பொறியியலுக்கு மாறப் போனபோது, அது செல்லாது, அல்ஜீப்ராவிலிருந்து ஆரம்பி என்றுவிட்டார்கள். ஒரு செமஸ்டர் போச்சு. அதற்காக வேலைக்கான படிப்பு மட்டமில்லை. இரண்டு வருட நர்சிங் முடித்தே உரிமத் தேர்வு எழுதி நர்ஸ் ஆகலாம், இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. சேரும் முன்பே ஆலோசகரிடம், எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.