ஆட்டோ வாடகைக்குக் கணக்குக் கேட்கும் கவுன்சிலர் உண்டா?

மதுரை மாநகராட்சி மாமன்றக் கூட்டச் செய்திகளை விடாமல் வாசிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு, குப்பை வண்டி, நாய்த் தொல்லை என்று 100 வார்டுக்கும் பொதுவான புகார்கள் அதில் வரும். கேட்கவேண்டியவைதான். ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவரும் ஆட்டோ போன்ற போக்குவரத்துக்கு ஒதுக்கிய பணம் என்ன ஆனது என்று ஒரு கவுன்சிலர் எழுந்து கேட்டதாக வாசித்த நினைவே இல்லை. வெளிநடப்புச் செய்ய ஆயிரம் காரணம் கிடைக்கிறது. இதற்கு ஒரு துணைக் கேள்விகூடக் கிடைப்பதில்லை.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அது மாநகராட்சிப் பணம் இல்லை, கல்வித் துறைப் பணம்." பாதி உண்மை. பெரும்பகுதிப் பணம் சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய, மாநில அரசுகளின் கூட்டுப் பள்ளிக் கல்வித் திட்டம் வழியாகத்தான் வருகிறது. ஆனால் நாம் கட்டும் சொத்துவரிக்குள் கல்வி வரி என்று ஒரு கூறு இருக்கிறது. மாநகராட்சிக் கணக்கில் வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி ஆகியவற்றுக்கு அடுத்ததாக ஆரம்பக் கல்வி நிதி என்று தனித் தலைப்பே இருக்கிறது. ஔவை, காக்கைப்பாடினியார், பொன்முடியார், வெள்ளிவீதியார் என்று புலவர்களின் பெயரில் பெண்கள் பள்ளிகளை நடத்தும் மாநகராட்சி இது. (இந்த அழகில் பள்ளிக்குப் பெயர் வைத்த ஊர் வேறு இல்லை என்பது என் எண்ணம்.) மாமன்றத்தில் கல்விக் குழு உண்டு, கணக்குக் குழுவும் உண்டு. பிள்ளை எப்படிப் பள்ளிக்கு வந்து சேர்கிறது என்பது இந்த இரண்டு குழுவின் வேலையும் இல்லையென்றால் அந்த வேலை யாருடையது?

2025இல் சொத்துவரி விதிப்பில் முறைகேடு வெளியாகி, மண்டலத் தலைவர்கள் பதவி விலகி, கடைசியில் மேயரும் விலகினார். யார் வீட்டுக்கு வரியைக் குறைத்தார்கள் என்று ஊரே கேட்டது. வசூலான வரியில் கல்விக்கென்று பிரித்த பங்கு என்ன ஆனது என்ற கேள்வி அந்தச் சூட்டிலும் எழவில்லை.

சட்டம் கவுன்சிலரை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே அழைத்து உட்கார வைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், மிச்ச இடங்களில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் உண்டு. அரசு தந்த மானியமோ, உள்ளாட்சி தந்ததோ, வேறு எங்கிருந்து வந்ததோ, அது எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அந்தக் குழுவின் கடமை என்று அதே பிரிவு சொல்கிறது.

நடைமுறை எப்படி இருக்கிறது? சில ஆண்டுகளுக்கு முன் மதுரைக்கு வடக்கே ஓர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்தேன். கூட்டத்துக்குப் போனால் தீர்மானம் முன்பே எழுதித் தயாராக இருக்கும். வேலைக்குப் போகவேண்டிய தாய்மார்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். உள்ளாட்சி உறுப்பினரைச் சுதந்திர தினத்தன்று கொடிக் கம்பத்தடியில் பார்க்கலாம். கூட்டத்தில் பார்ப்பது அரிது. "ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறோம், பார்க்கலாமா சார்?" என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான். "கணக்கெல்லாம் மேலே போய்விட்டது" என்றார். மேலே கேட்டால் கீழே இருக்கிறது என்பார்கள். இதை அந்த ஒரு பள்ளியின் குற்றமாக நான் சொல்லவில்லை. கேட்க வேண்டியவர் வராத கூட்டத்தில் கணக்கு வேறெப்படி இருக்கும்?

பணத்தின் அளவைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் பள்ளி இல்லாத குக்கிராமத்துப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து, வழிக்காவலர் (துணைக்கு வரும் ஆள்) வசதி என்று சமக்ர சிக்ஷாவில் ஒரு பிரிவு உண்டு. தமிழ்நாட்டு விதிப்படி 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, 3 கிலோமீட்டருக்குள் நடுநிலை வகுப்புகள் இருக்கவேண்டும். அப்படி அமையாத இடங்களுக்கு இந்த வசதி. ஒன்றிய அரசின் நெறிமுறைப்படி ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு உச்சவரம்பு 6,000 ரூபாய். 10 மாதம் பள்ளி என்றால் மாதம் 600. வேலை நாள் 22 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 27 ரூபாய், ஒரு நடைக்கு 14 ரூபாய்கூடத் தேறவில்லை.

பேரையூர் பக்கமோ கொட்டாம்பட்டி பக்கமோ ஓர் ஆட்டோ ஓட்டுநரிடம் ஐந்து பிள்ளைகளை ஒப்படைத்தால் அவருக்கு மாதம் 3,000 ரூபாய். காலையும் மாலையும் குறித்த நேரத்துக்கு வரவேண்டும். அந்த நேரத்தில் வரும் வேறு சவாரியை விடவேண்டும். டீசலுக்கே இழுபறியாகும். என்ன செய்வார்? இன்னும் ஐந்து பிள்ளைகளை ஏற்றுவார். முன்சீட்டில் இரண்டு பேர், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர், புத்தகப் பைகள் வெளியே தொங்கும். அதைப் படமெடுத்துப் போட்டு ஓட்டுநரைத் திட்டுகிறோம், போலீஸ் அபராதம் போடுகிறது. அந்த நெரிசலுக்கு விதை போட்டது வாடகைத் தொகை என்று யாரும் சொல்வதில்லை.

அந்தத் தொகையாவது நேரத்துக்கு வருகிறதா? தேசியக் கல்விக் கொள்கைத் தகராறில் 2024-25க்கான சமக்ர சிக்ஷா நிதி சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்கே போனது. கொள்கைச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பது இங்கே தேவையில்லை. டெல்லியும் சென்னையும் இழுத்துக்கொண்டிருக்கும்போது உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநர் எத்தனை மாதம் கடனுக்கு ஓட்டுவார்? அவர் நிறுத்தினால் எந்தப் பிள்ளை வீட்டில் உட்காரும்? இதற்குப் பதில் தெரியவேண்டியவர் அந்த ஊர் உள்ளாட்சி உறுப்பினர். திருட்டைப் பிடிப்பதற்கு மட்டும்தான் கணக்குக் கேட்கவேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வராத பணத்துக்கும் கணக்குக் கேட்கவேண்டும். வந்து செலவாகாமல் திரும்பிப்போன பணத்துக்கும்தான்.

தூரம் அளக்கும் கதை தனி. பள்ளி முக்கால் கிலோமீட்டரில் இருக்கிறது, ஆகவே பயணப்படி கிடையாது என்று தாளில் எழுதிவிடலாம். நடுவில் நான்குவழிச் சாலை ஓடுகிறதா? கண்மாய் நிறைந்தால் நடைபாதை இருக்குமா? கரை சுற்றி வந்தால் எவ்வளவு தூரம்? திருமங்கலம் சாலையோர ஊர்களில் கேட்டுப்பாருங்கள், தாய்மார்கள் விரலை நீட்டிக் காட்டுவார்கள். அலுவலகத்தில் இருப்பவருக்கு இது தெரியாது, தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வார்டு உறுப்பினருக்குத் தெரியும். ஓட்டுக் கேட்க நடந்த பாதைதானே அது.

கிராமங்களில் நிலைமை இன்னும் மோசமாகிப்போனது. மதுரை மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. உடனே தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சி உறுப்பினருக்கு இடம் ஒதுக்கிவிட்டு, உள்ளாட்சி உறுப்பினரே இல்லாத ஊரை உருவாக்கினோம். அரசு அலுவலர் பட்டியல் போட, இன்னோர் அரசு அலுவலர் அதைச் சரிபார்க்க, மூன்றாமவர் ஒப்புதல் தருவதற்குக் கண்காணிப்பு என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

இலவச பஸ் பாஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல திட்டம். அதற்கான தொகையைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடுசெய்கிறது. அந்தப் பாஸை வைத்துக்கொண்டு அவனியாபுரத்திலோ விளாங்குடியிலோ நிற்கும் பையன் படிக்கட்டில் தொங்காமல் போக பஸ் வந்ததா என்பதை எந்தப் பள்ளிக் கூட்டத்திலும் பேசுவதில்லை. தொங்கிக்கொண்டு போனால் அறிவுரை மட்டும் கிடைக்கும்.

தனியார் பள்ளி வேன்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 2012இல் தாம்பரம் அருகே பள்ளி பஸ்ஸின் ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தபிறகு அந்த ஆண்டே சிறப்பு விதிகள் வந்தன. கோடை விடுமுறையில் போக்குவரத்து, காவல், வருவாய், கல்வித் துறையினர் சேர்ந்து வண்டிகளைச் சோதிக்கிறார்கள். பிரேக், படிக்கட்டு, அவசர வழி எல்லாம் பார்க்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வாடகை ஆட்டோவுக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவைப் பலரும் கவனித்ததில்லை. குழந்தையின் உரிமை தொடர்பான குறை எதுவானாலும் யார் வேண்டுமானாலும் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் தரலாம். 3 மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். திருப்தியில்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு மேல்முறையீடு. "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று கைவிரிக்கும் கவுன்சிலரிடம் இந்தப் பிரிவைப் படித்துக் காட்டுங்கள்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. ஒரு பக்கத் தாள். எந்தக் குடியிருப்பிலிருந்து எத்தனை பிள்ளைகள் வசதி பெறுகிறார்கள், எந்த வண்டி, எத்தனை நாள் ஓடியது, வாடகை எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது, யாருக்கு மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பயிற்சிக்காக வட்டார வள மையத்துக்கு அழைத்துவரும் பயணப்படியும் அதில் வரவேண்டும்; அதை வாங்கும் தாய்மார்கள்தான் எல்லோரைவிடவும் அதிகம் அலைகிறார்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். இந்தத் தாள் பள்ளிச் சுவரில் ஒட்டப்படட்டும், கல்விக் குழுவுக்கு மாதம் ஒருமுறை போகட்டும், ஆண்டுக்கு ஒருமுறை மாமன்றத்தில் வைக்கப்படட்டும். ஊராட்சி என்றால் கிராம சபையில் வாசிக்கட்டும். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறதே.

அடுத்து என் வார்டில் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை நடக்கும்போது இந்தக் கேள்வியை எழுதிக் கொடுக்கப்போகிறேன். உங்கள் வார்டில் நீங்களும் கொடுங்கள். வாங்கிக்கொண்டு "பார்க்கிறோம்" என்பார்கள். மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் எழுந்து வராதீர்கள். 3 மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.