14 காரட் தாலி

தனிமனித சுதந்திரம் என்றால் பேச்சுரிமையும் எழுத்துரிமையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர், கோவையில் எங்கள் தெருவில் நகைப் பட்டறை வைத்திருந்த ஒரு பத்தர். 1963ஆம் ஆண்டைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருப்பார்.

அந்த ஆண்டு ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புதிய நகை செய்யக் கூடாது. நகையாக இல்லாத தங்கத்தை அரசிடம் கணக்குக் காட்ட வேண்டும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் தங்கக் கடத்தலும் அரசு சொன்ன காரணங்கள். இரண்டும் உண்மையான கவலைகளே என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அரசு கையில் எடுத்தது, சீனப் போருக்காகப் பெற்ற அதிகாரத்தை. சீனா 1962 நவம்பரிலேயே போர்நிறுத்தம் அறிவித்துவிட்டது. போர் ஓய்ந்த பிறகு, போரின் பெயரால், ஒரு பெண் எத்தனை காரட் வளையல் அணியலாம் என்று அரசு முடிவு செய்தது. அப்போது அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை விலக்கப்படவே இல்லை. தேசியப் பாதுகாப்பு நிதிக்குக் கழுத்திலும் கையிலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்த மக்களின் மீதுதான் இந்தக் கட்டுப்பாடு விழுந்தது என்பது இன்று நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது.

14 காரட் என்றால் 24 பங்கில் 14 பங்கு மட்டுமே தங்கம். மிச்சம் செம்பும் வெள்ளியும். 22 காரட்டுக்குப் பழகிய கைக்கு அது இணங்காது, நிறமும் மங்கும் என்பார் பத்தர். தாலிக்குப் பொன் உருக்குவதற்கே நல்ல நாள் பார்க்கும் குடும்பங்கள், 24இல் 10 பங்கு வேறு உலோகம் கலந்த தாலியைக் கேட்டு வருமா? வரவில்லை. நாடெங்கும் பொற்கொல்லர்கள் வேலையிழந்தார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் பலர். எதிர்ப்பு வலுத்து முதலில் சில தளர்வுகள் வந்தன. 1966இல் 14 காரட் வரம்பு கைவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தொழிலை விட்டுப் போனவர்களுக்கு அதனால் என்ன பயன்?

வங்கிக் கிளைகள் சிற்றூர்களை எட்டியிராத காலம் அது. சொந்தப் பெயரில் நிலம் இல்லாத, கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெண்ணுக்குக் கணவனிடமோ தாசில்தாரிடமோ அனுமதி கேட்காமல் தன் விருப்பப்படி பயன்படுத்தக்கூடிய சொத்தாக இருந்தது அவளுடைய நகை மட்டுமே. பிள்ளையின் படிப்புக்கு அதை அடகு வைப்பாள், மழை பொய்த்தால் விற்பாள், மகளுக்கு அழித்துச் செய்வாள். டெல்லியில் அமர்ந்து விதி எழுதியவர்கள் அதை முடங்கிக் கிடக்கும் செல்வம் என்றார்கள். என் பார்வையில் அந்தக் குடும்பத்திலேயே அதிகமாக உழைத்த செல்வம் அது.

வரம்பு போனாலும் கட்டுப்பாடு போகவில்லை. மொரார்ஜி தேசாய் மீண்டும் நிதியமைச்சராக இருந்த 1968இல் அது தனிச் சட்டமாகவே ஆயிற்று. கட்டியாகவோ பாளமாகவோ தங்கத்தைச் சாதாரண மனிதர் வைத்திருக்கக் கூடாது. நகை வணிகத்துக்கு உரிமம், பத்தருக்குச் சான்றிதழ் என்று அது விரிந்தது. உரிமம் கொடுப்பதற்கு அதிகாரி எதைப் பார்ப்பார்? விண்ணப்பதாரரின் தகுதி, எதிர்பார்க்கப்படும் தேவை, பொதுநலன். இவை தெளிவற்றவை என்று உச்ச நீதிமன்றமே 1969இல் கண்டு, சட்டத்தின் சில பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. தகுதியும் பொதுநலனும் எவை என்று எழுதி வைக்காத சட்டத்தில், அவற்றுக்குப் பொருள் சொல்பவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று ராஜாஜி ஓயாமல் எதிர்த்தது இந்த மேசையைத்தான். அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சியின் எல்லாக் கொள்கைகளையும் ஏற்க என்னால் முடியாது. இதில் அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி.

கடத்தலாவது நின்றதா? இல்லை. அந்த ஆண்டுகளில்தான் தங்கக் கடத்தல் பம்பாயில் பெருந்தொழிலாக வளர்ந்தது. கடைசியில் 1990இல் நாடாளுமன்றம் சட்டத்தையே நீக்கியது. போரின் பெயரால் தொடங்கிய ஒன்று, 27 ஆண்டுகள் நீடித்தது.

நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் என்ற இன்றைய விதியையும் இதையும் ஒன்றாக்க வேண்டாம். 22 காரட் என்று சொல்லிக் குறைந்ததை விற்காதே என்று கடைக்காரரைத் தடுக்கிறது அது. எதை வாங்குவது என்பது வாங்குபவரின் கையிலேயே இருக்கிறது. அத்தகைய விதியை நான் வரவேற்கிறேன். தன் பணத்தில் தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும் ஒருவரைத் தடுப்பதானால், ஏன் தடுக்க வேண்டும் என்பதை நிறுவும் பொறுப்பு அரசினுடையது, அவருடையது அல்ல.

ஆகவே நெருக்கடியைக் காட்டிப் பிறப்பிக்கப்படும் எந்தக் கட்டுப்பாடும் ஓராண்டில் தானாகவே காலாவதியாக வேண்டும் என்கிறேன். நீட்டிக்க விரும்பும் அமைச்சர், கணக்கோடு அவைக்கு வந்து புதிதாக வாக்குக் கேட்கட்டும். அப்படியொரு விதி அன்று இருந்திருந்தால், 1964 ஜனவரியில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, கடத்தல் எவ்வளவு குறைந்தது, எத்தனை பட்டறைகள் மூடின என்ற இரண்டு எண்களையும் சொல்லியே தீர வேண்டியிருந்திருக்கும்.