'ஜாங்கோ'வுக்கு டஜன் கணக்கில் தொடர் பாகங்களா?

பரவும் தகவல்: 1966-இல் வந்த இத்தாலிய வெஸ்டர்ன் (கௌபாய் படம்) 'ஜாங்கோ'வுக்கு டஜன் கணக்கில் தொடர்ச்சிகள் உண்டு, 'டெக்சாஸ், அடியோ' அதன் இரண்டாம் பாகம்.

தவறு. ஃபிராங்கோ நீரோ மீண்டும் ஜாங்கோவாக நடித்த அதிகாரபூர்வத் தொடர்ச்சி ஒன்றுதான். அதுவும் 1987-இல் வந்தது. முதல் படத்தை இயக்கிய செர்ஜியோ கோர்புச்சி அதை இயக்கவில்லை.

'டெக்சாஸ், அடியோ' ஃபெர்டினாண்டோ பால்டி இயக்கிய படம். அப்பாவைக் கொன்றவனைத் தேடி, தம்பியோடு மெக்சிகோவுக்குப் போகும் ஷெரிஃப் பர்ட் சல்லிவனின் கதை. சேற்றில் சவப்பெட்டியை இழுத்து வரும் ஜாங்கோவுக்கும் இந்த ஷெரிஃபுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டிலும் நாயகன் ஃபிராங்கோ நீரோவே என்பதால், ஜெர்மனியில் இதை 'ஜாங்கோ, பழிவாங்குபவன்' என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். குழப்பம் அங்கிருந்துதான்.

பெயர் மாற்றச் செலவே இல்லை. இப்படங்களில் நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசுவார்கள், குரல் பிறகு டப்பிங்கில் சேரும். வசனத்தாளில் 'பர்ட்' என்பதை அடித்து 'ஜாங்கோ' என்று எழுதினால் போதும். ஜூலியோ குவெஸ்தி இயக்கிய 1967 படத்துக்கு அதுகூடத் தேவைப்படவில்லை: ஆங்கிலத் தலைப்பில் ஜாங்கோ உண்டு, படத்தில் அப்படி ஒரு பாத்திரமே கிடையாது!

சந்தேகம் வந்தால் போஸ்டரை நம்பாதீர்கள். இத்தாலிய மூலத் தலைப்பையும் இத்தாலிய ஒலித்தடத்தில் நாயகனை என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள்.